நாற்பது நாள் காத்திருந்த விமர்சகர்

இல்லை, ஆறரை அல்ல. ஆறு. பத்துக்கு ஆறு.

செத்தவீட்டில் இதை என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். மூவரும் அரைப் புள்ளியைத் தாங்களாகவே கூட்டிக்கொண்டார்கள். இறந்தவர் தாராளமாக இருந்தார் என்று சொல்ல எல்லோருக்கும் விருப்பம். யசோதா அக்கா எங்கள் விளையாட்டுக்குத் தந்தது ஆறு. அதை அவர் கடைசிவரை மாற்றவில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

அவர் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் பேருந்துக்கு நின்றிருந்தேன். அவருடைய தம்பி சேந்தன் அழைத்தார்.

"பிள்ளை, அக்கா மோசம் போட்டா."

"ஓம்" என்றேன். வந்த பேருந்தில் ஏறினேன். பலாலிப் பக்கம் போகிற பேருந்து அது. இரண்டு தரிப்பு கடந்த பிறகுதான் இறங்கி, அரியாலையிலுள்ள அவருடைய வீட்டுக்குப் போக எதிர்ப்பக்கம் வந்து நின்றேன்.

டெங்குக் காய்ச்சல். ஐந்து நாள். வயது முப்பத்தொன்பது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், ஒரு கட்டுரை வேண்டும் என்று சேந்தன் கேட்டார். "தேவாரம் இருக்கு. வம்சாவளி இருக்கு. மாமா ஒரு இரங்கற்பா எழுதியிருக்கிறார், அதிலை அக்காவைக் குலவிளக்கு எண்டு போட்டிருக்கு. ஆனா அவ காலமை காலமை எழும்பி என்ன செய்தவ எண்டு எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியாது. அதை நீங்கள் எழுதுங்கோ."

ஆகவே, இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கு முதலில் அதைச் சொல்கிறேன்.

அவர் காலை ஐந்து மணிக்கு எழும்புவார். முற்றம் கூட்டுவார். தேநீர் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் அமர்வார். ஏழு மணிவரை விளையாடுவார். பிறகு குளித்து, உடுத்து, யாழ்ப்பாண நகரில் அவர் வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவார். உங்களில் பலருடைய கண்களை அவர் பரிசோதித்திருப்பார். பதினொரு வருடம் இந்த ஒழுங்கு மாறவில்லை.

அவர் விளையாடியது பெரும்பாலும் பாத்திரமேற்கும் விளையாட்டுகள். அதில் நீங்கள் வேறொருவராக ஆகிறீர்கள். அந்த ஆள் எங்கே போகவேண்டும், யாரோடு கதைக்கவேண்டும், எதை எடுக்கவேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். ஒன்றை முடிக்க நாற்பது, ஐம்பது மணித்தியாலம் ஆகும். நாவல் வாசிப்பதைப் போல. ஆனால் நாவலில் நடந்தவற்றுக்கு வாசகர் பொறுப்பில்லை. இங்கே பொறுப்பு உண்டு.

முடித்த பிறகு அவர் எழுதுவார். "விளையாடிப் பார்த்தது" என்ற இணையப் பக்கத்தில், தமிழில், படம் இல்லாமல், "யசோ" என்ற பெயரில். எழுதுவதற்கு அவருக்கு மூன்று விதிகள் இருந்தன. முடிக்காமல் எழுதுவதில்லை. எத்தனை மணி விளையாடினார் என்பதைக் கட்டாயம் போடுவார். ஒருமுறை போட்ட புள்ளியை மாற்றுவதில்லை.

*

எங்கள் முதல் விளையாட்டின் பெயர் "கண்டல்". திருநெல்வேலியில் ஓர் அச்சகத்துக்கு மேலுள்ள அறையில் மூன்று பேர் சேர்ந்து செய்தோம். நிரூபன் நிரல் எழுதினார். அவருடைய மச்சாள் படம் கீறினார். சொற்கள் என்னுடையவை. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். கடலேரியில் வள்ளம் வலிக்கிற ஒரு பெண்ணாக நீங்கள் விளையாடுவீர்கள். கரைக்குக் கரை ஆட்களை ஏற்றி இறக்குவீர்கள். ஏறுகிறவர்கள் கதைப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

யசோ என்பவர் ஏழரை கொடுத்தார். "வள்ளத்தில் ஏறுகிறவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் கதைப்பதில்லை. எழுதியவருக்குக் காது இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து என் கண்ணாடி உடைந்தது. நகரில் ஒரு கடைக்குப் போனேன். கண் பரிசோதித்த பெண்மணி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது தெளிவோ, அது தெளிவோ?"

"இது."

"இப்ப?"

"ரெண்டும் ஒண்டுபோலை இருக்கு."

"ஒண்டுபோலை இருக்காது. வடிவாப் பாத்துச் சொல்லும். என்ன வேலை செய்யிறீர்? கண்ணிலை நல்ல களைப்பு இருக்கு."

"விளையாட்டு எழுதுறன். கொம்பியூட்டர் விளையாட்டு."

"எது?"

"கண்டல்."

அவர் கை நிற்கவில்லை. அடுத்த வில்லையைப் போட்டார். "ஏழரை குடுத்தனான்" என்றார். "கடைசி வரியை வாசியும்."

என்னால் கடைசி வரியை வாசிக்க முடியவில்லை. எழுத்துச் சிறிது என்பதால் மட்டும் அல்ல.

அதன் பிறகு நாங்கள் பழகினோம். அவர் எனக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இறந்தவர் எல்லோரையும் ஆசானாக்கி விடுகிறோம். அவர் விமர்சகர், நான் எழுதுகிறவள். மாதத்தில் ஒருமுறை கடைக்கு எதிரே உள்ள குளிர்பானக் கடையில் இருந்து, வெளிவந்த விளையாட்டுகளைப் பற்றிச் சண்டை பிடிப்போம். அவர் என்னை "நீர்" என்றார். நான் அவரை "அக்கா" என்றேன். செய்துகொண்டிருக்கிற வேலையைப் பற்றி ஒருமுறை சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லாதையும். வந்தாப் பிறகு விளையாடுவன். இப்ப சொன்னீரெண்டா நான் உம்மடை ஆளாப் போயிடுவன்."

*

"கண்டல் இரண்டு" வெளிவந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள்.

இந்த முறை வள்ளக்காரி அக்கரைக்குப் போகிறாள். வள்ளம் பாறையில் மோதி உடைகிறது. கரையில் ஓர் ஊர். ஆட்கள் எல்லோரும் இடம்பெயர்ந்து போய்விட்டார்கள். வீடுகளும், கரையோரம் ஒரு தச்சனும் மட்டும் மிச்சம். வள்ளத்தைத் திருத்திக்கொண்டு அவள் ஊருக்குத் திரும்பவேண்டும்.

பதினெட்டு வீடுகளை எழுதினேன். ஒவ்வொன்றிலும் இருந்தவர்களின் பெயர், சுவரில் நாட்காட்டி, கதவுநிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள், அடுப்பில் விட்டுப்போன சட்டி. எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். அலுமாரியைத் திறக்கலாம். "எடு" என்று வரும். எடுத்ததும் ஒரு சின்ன மணி ஒலிக்கும். இந்த வகை விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. யாருடைய பானையையும் உடைத்து யாருடைய நாணயத்தையும் எடுக்கலாம். நாங்களும் சிறு வயதில் அப்படித்தான் விளையாடிப் பழகினோம்.

சென்னையில் ஒரு காணொளிக்காரர் ஒன்பது கொடுத்தார். "இவ்வளவு சுதந்திரம் கொடுத்த தமிழ் விளையாட்டு இதுவரை இல்லை" என்றார். கொழும்பிலிருந்து ஓர் ஆங்கிலப் பக்கம் எட்டு. ரொறன்ரோவில் ஒருவர் அழுதபடி நேரலை செய்தார். நிரூபன் எல்லாவற்றையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். நடுவில் ஓர் இடம் வெறுமையாக விட்டிருந்தார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"உம்மடை கண்ணாடி அக்காவுக்கு. அவ எட்டரைக்குக் குறையப் போடமாட்டா, பாரும்."

ஐந்து வாரம் கழித்து அவருடைய விமர்சனம் வந்தது. நாற்பத்தெட்டு மணி. ஆறு.

அதிலிருந்து ஒரு பகுதியை இங்கே தருகிறேன். அவருடைய எழுத்தை வாசிக்காதவர்கள் வாசிக்கவேண்டும்.

"ஒன்றும் எடுக்காமல் முடிக்க முடியுமா என்று பார்த்தேன். கரையோரத் தச்சன் பலகை தருவான் என்று விளையாட்டு சொன்னது. போனேன். பலகைக்குப் பதிலாகக் கதவுப் பிணைச்சல் கேட்டான். பிணைச்சல் வீட்டுக் கதவுகளில் மட்டுமே இருக்கிறது. அதனால் வள்ளத்தின் அருகில் அமர்ந்து, யாராவது வீட்டுக்காரர் வந்தால் கேட்டு வாங்கலாம் என்று காத்திருந்தேன். விளையாட்டுக்குள் நாற்பது நாள் விடிந்து இருண்டது. ஒருவரும் வரவில்லை. எங்கள் ஊர்களுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். வந்து தங்கள் வீட்டுக் கதவைத் தேடினார்கள். இதைச் செய்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. முடிக்காமல் எழுதக்கூடாது என்பதால் நாற்பத்தோராம் நாள் ஒரு கதவைக் கழற்றினேன். மணி ஒலித்தது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள் இருக்கிறார்; அதனால்தான் அந்த ஆளின் கதவைக் கழற்றியதற்கு எனக்கு மணி அடித்துப் பரிசு தருகிற விளையாட்டை என்னால் நம்ப முடியவில்லை."

இசையைப் பாராட்டியிருந்தார். நீரின் நிறத்தைப் பாராட்டியிருந்தார். உரையாடல் முதல் பாகத்தைவிட நன்று என்றார். பிறகு ஆறு.

உண்மை என்னவென்றால், எங்கள் மூவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எடுக்காமல் முடிக்க முடியாது என்பது. சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர்கூட எடுக்காமல் விளையாடிப் பார்க்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. இடம்பெயர்ந்து திரும்பிய வீடுகளில் பிறந்து வளர்ந்த மூன்று பேர், பக்கத்து வீட்டுக் கதவைக் கழற்றாமல் ஊர் திரும்ப முடியாத ஒரு விளையாட்டைச் செய்துவிட்டு, அதைச் சுதந்திரம் என்று சொன்னவர்களுக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

*

நான் பதில் எழுதினேன். "விமர்சகர் விளையாட வரவில்லை, சாட்சி சொல்ல வந்திருக்கிறார்" என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை இருந்தது. பலர் பகிர்ந்தார்கள். அவருடைய பக்கத்தின் கீழே ஆட்கள் குவிந்தார்கள்.

ஒருவர் எழுதினார்: "அக்கா முதல்லை தன்ரை கண்ணாடியை மாத்தவேணும்."

அவர் பதில் போட்டார்: "போன கிழமைதான் மாத்தினனான். இன்னும் ஆறுதான் தெரியுது."

இன்னொருவர்: "நாற்பது நாள் சும்மா இருந்தவவாம். வேலை வெட்டி இல்லையோ?"

"வேலை இருக்கு தம்பி. அதுதான் காலமையிலை காத்திருந்தனான்."

அவர் இவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பதில் எழுதவில்லை.

நான் இன்னொன்றும் செய்தேன். எங்கள் விளையாட்டை இறக்கிக்கொள்ளும் பக்கத்தில் பாராட்டு வரிகளைப் போடும் ஓர் இடம் உண்டு. அங்கே உள்ளூரிலிருந்தும் ஒரு வரி வேண்டும் என்று நிரூபன் கேட்டார். யசோதா அக்காவின் நீண்ட வாக்கியத்தை அரைப்புள்ளி இருந்த இடத்தில் வெட்டினேன். "இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள் இருக்கிறார்." கீழே: யசோ, விளையாடிப் பார்த்தது. புள்ளி போடவில்லை.

அது பொய் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எழுதிய சொற்கள்தானே.

அந்தச் சனிக்கிழமை அளவெட்டிக்கு, வீட்டுக்குப் போனேன். அம்மா வெண்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விமர்சனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு என் பதிலை வாசித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்த மனிசி சொல்லுறது சரிதானே" என்றார்.

"அம்மா, அது விளையாட்டு. எல்லா விளையாட்டிலையும் அப்பிடித்தான்."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "உந்த யன்னல் எங்கடை இல்லை."

நான் சாய்ந்திருந்த யன்னல். பச்சைச் சாயம் அடித்தது. அதன் கட்டையில் ஏறி நின்றுதான் வளர்ந்தேன்.

"நாங்கள் திரும்பி வரேக்கை இந்த வீட்டிலை ஒரு கதவு யன்னல் இல்லை. ஓடும் இல்லை. கொப்பா எங்கையோ போய் ரெண்டு யன்னல் கொண்டு வந்து பூட்டினார். எங்கையெண்டு நான் கேக்கேல்லை. நீர் அப்ப பிறக்கேல்லை. பேந்து ஒரு நாள் ஒரு மனிசி கலியாணக் காட் குடுக்க வந்தா. தேத்தண்ணி குடுத்தன். அவ உதையே பாத்துக்கொண்டு இருந்தா. 'நல்லா வெளிச்சம் வருது' எண்டா. போட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"அவ கேட்டிருக்கலாமே."

"ஆர் கேட்டது? ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கடை முன்கதவும் எங்கையோ ஒரு வீட்டிலை நிண்டிருக்கும். கொப்பா கண்டவரோ தெரியாது. கண்டாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்."

வெண்காயத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

*

அடுத்த நாள் அரியாலைக்குப் போனேன். அவருடைய வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் முறை. பழைய பற்தூரிகையால் விசைப்பலகையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்.

"என்ன, சண்டைக்கோ?"

"இல்லை அக்கா."

"அப்ப இரும். சண்டைக்கெண்டா நிண்டுகொண்டு கதைச்சிருக்கலாம்."

இருந்தேன். அவர் ஒவ்வொரு விசையாக ஊதினார்.

"உங்கடை பக்கம் பாத்தனான். என்ரை அரைவாசியை வைச்சிருக்கிறியள். மிச்சத்துக்கு இடம் காணாமல் போட்டுதோ?"

"நிரூபன்தான் எடுத்துப் போட்டவர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் பரிசோதிக்கிறவரின் பார்வை அது. நீங்கள் எழுத்தை உண்மையாக வாசிக்கிறீர்களா, ஊகித்துச் சொல்கிறீர்களா என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஆர் வெட்டினாலும், வெட்டின ஆளுக்கு வாக்கியம் வெட்டத் தெரியுது. நல்ல இடத்திலை வெட்டியிருக்கு" என்றார். அதோடு விட்டார். பிறகு ஒருபோதும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நான் பேச்சை மாற்றினேன். "அக்கா, உங்கடை வீட்டிலையும் அப்ப கதவு யன்னல் எடுத்தவையோ?"

"அது உமக்கு என்னத்துக்கு? ஓம் எண்டா, 'பாவம், அந்தக் கோவத்திலைதான் ஆறு போட்டவ' எண்டுவீர். இல்லையெண்டா, 'இவவுக்கு என்ன தெரியும்' எண்டுவீர். என்ரை வீட்டை விட்டிட்டு விளையாட்டைப் பற்றிக் கதையும்."

அப்போதுதான் அம்மா சொன்னதைச் சொன்னேன். யன்னலை, கலியாண அட்டையோடு வந்த பெண்ணை. அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அந்த மனிசி தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சவவோ?"

"தெரியாது."

"அம்மாவைக் கேளும். அது முக்கியம்."

அங்கிருந்தே அம்மாவுக்கு அழைத்தேன். "முழுக்கக் குடிச்சவ" என்றார் அம்மா. "கோப்பையையும் கழுவிக் கவிட்டு வைச்சவ. நான் வேண்டாம் வேண்டாம் எண்ட, கேக்கேல்லை. ஏன் கேக்கிறீர்?"

மனத்தாங்கல் உள்ள வீட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். அந்தப் பெண்மணி குடித்தார், கழுவினார், வெளிச்சம் நன்றாக வருகிறது என்றார். மன்னித்தாரா, தான் பார்த்துவிட்டதை அம்மாவுக்குத் தெரியப்படுத்தினாரா, இரண்டுமா? யசோதா அக்கா இதை வெகுநேரம் யோசித்தார். கடைசியில், "உதுக்கு மணி அடிக்க ஏலாது" என்றார்.

அந்தப் பெண்மணி பிறகு கனடா போய்விட்டார். யன்னல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

*

விளையாட்டைத் திருத்த ஆறு மாதம் எடுத்தது. நிரூபன் எதிர்த்தார்.

"பன்ரண்டு நாள் காத்திருந்தா ஒரு குடும்பம் திரும்பி வரும். சரி. ஆர் காத்திருப்பான்? விளையாடுறவன் ஒருத்தனும் இதைக் காணப்போறேல்லை."

"நாப்பது நாள் ஒராள் காத்திருந்தவ."

"ஒராள்! ஒராளுக்காக ஆறு மாதமோ?"

"ஓம்."

இப்போது அந்த விளையாட்டில், பன்னிரண்டாம் நாள் ஒரு வீட்டுக்கு மட்டும் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். நீங்கள் அவர்களுடைய கதவைத் தொடவில்லை என்றால், இடிந்த சமையல் குசினியிலிருந்து ஒரு பலகையை அவர்களே எடுத்துத் தருவார்கள். தொட்டிருந்தால், வீட்டுக்காரி கரைக்கு வருவாள். வள்ளத்தருகே கழற்றிக் கிடக்கும் தன் கதவைக் காண்பாள். நீங்கள் கொடுக்கும் தேநீரைக் குடிப்பாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். மணியை எல்லா வீடுகளிலிருந்தும் எடுத்துவிட்டோம்.

அவருக்குச் செய்தி அனுப்பினேன். புள்ளியைப் பற்றி ஒரு கேள்வியையும் சேர்த்தேன். எழுதியவளின் ஆசை. அவருடைய பதில் என் தொலைபேசியில் இருக்கிறது:

"புள்ளி மாத்திறேல்லை. அண்டைக்கு இருந்தது ஆறு. திருத்தினதைப் புதுசா விளையாடிப் புதுசா எழுதுவன். கூடவும் வரலாம், குறையவும் வரலாம். ஆசைப்படாதையும்."

விளையாடத் தொடங்கினார். பிறகு காய்ச்சல்.

தகனம் முடிந்து நான்காம் நாள், சேந்தன் என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நாளும் காலமை இருந்தவ. காய்ச்சலோடை. 'சேந்தன், அவை வந்திட்டினம்' எண்டு கத்தினா. நான் ஆரோ படலைக்கு வந்திட்டினமாக்கும் எண்டு சாரத்தையும் மடிச்சுக் கட்டிக்கொண்டு வெளியிலை ஓடிப்போய்ப் பாத்தன். ஒருத்தரையும் காணேல்லை. திரும்பி வந்தா அவ சிரிச்சுக்கொண்டு இருக்கிறா."

எழுதுவதற்காக அவர் திறந்த கோப்பு இருந்தது. மேலே விளையாட்டின் பெயர். அதன் கீழே "ஒன்பது மணி". வேறொன்றும் இல்லை.

விளையாட்டைத் திறந்தேன். பன்னிரண்டாம் நாள். வள்ளக்காரி திரும்பி வந்தவர்களின் படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே அடுப்புப் புகை எழும்பியது. அவளுடைய பையைப் பார்த்தேன். வெறுமை. ஒன்பது மணித்தியாலத்தில் ஒரு பொருளும் எடுக்கவில்லை. ஒரு விசையை அழுத்தினால் படலை திறந்திருக்கும். நான் அழுத்தவில்லை. அக்காவை அவர் நின்ற இடத்திலேயே விட்டு மூடினேன்.

*

இந்த வாரம் நிரூபன் ஓர் அஞ்சலிப் படம் செய்திருந்தார். கறுப்புக் கரை. நடுவில் அந்த அரை வாக்கியம். அதன் கீழே, திருத்திய பதிப்பை விமர்சகர் விரும்பினார் என்று ஒரு வரி.

"இது வேண்டாம்" என்றேன்.

"ஏன்? 'அவை வந்திட்டினம்' எண்டு சந்தோசத்திலை கத்தினவ எண்டு தம்பியார்தானே சொன்னவர். இருந்திருந்தா எட்டு வந்திருக்கும். உமக்கும் தெரியும்."

"தெரியாது. ஒன்பது மணிதான் விளையாடினவ. முடிக்கேல்லை. முடிக்காமல் எழுதமாட்டா."

"செத்த மனிசியின்ரை ஆறை இப்ப ஏன் கிளறுறீர்? அவவுக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் இல்லை. அந்த வரியிலை என்ன பிழை? அவ எழுதினதுதானே?"

"அரைவாசி. வெட்டினது நான். நீர் வெட்டினீரெண்டு அவவுக்குச் சொன்னதும் நான்."

அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார். "என்னையோ சொன்னீர்?" என்றார். பிறகு, "நம்பினவவோ?"

"இல்லை."

"அப்ப சரி" என்று சொல்லித் தன் கதிரையை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

இதை வாசிக்கும் உறவினர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். உலகமெங்கும் கைதட்டிய ஒன்றின் முன்னால் தினமும் காலையில் அமர்ந்து, தன் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். தனக்குப் பிடித்தவர்களின் வேலைக்கும் அதே அளவுகோலை வைத்தார். அவரைக் குலவிளக்கு என்று மாமா எழுதியிருக்கிறார். இருக்கட்டும். நான் விமர்சகர் என்று எழுதுகிறேன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமானவரை நான் அறியேன்.

யசோதா அக்கா, நீங்கள் எழுதாத எட்டை உங்கள் பெயரில் யாரும் எழுத விடமாட்டேன். அமைதியாக இருங்கள்.

நேற்றுப் பிற்பகல் எங்கள் பக்கத்தைத் திறந்தேன். அரை வாக்கியத்தை அழித்தேன். அந்த இடத்தில் அவருடைய விமர்சனத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஏற்றினேன். நாற்பத்தெட்டு மணி. ஆறு. கீழே, முன்பு வெட்டியது நான் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். இனிக் கீழே இறங்கிப் போய் இந்தக் கட்டுரையை அச்சகத்தில் கொடுக்கவேண்டும்.